"புரியல" என்று முதலில் கை தூக்கிய சரோஜா அக்கா

அன்று வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தேன். நம் சனிக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கவிதாவின் செய்தி இருந்தது. "அம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. மாரடைப்பு." அதன் கீழே வரிசையாக அழும் முகங்கள். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. நானும் அழுதது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் சரோஜா அக்கா ஜெயித்துவிட்டுப் போனவர். அதைத்தான் எழுதப்போகிறேன்.

இந்தக் குழுவுக்குப் பிந்தி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலம். ஜார்ஜ்டவுனில், லெபு பாசார் தெருவில், துணிக்கடைக்கு மேலே இருந்த சங்க அறையில், நான்காம் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம் நடத்தினேன். ஒருநாள் கம்பெனிச் சட்டையோடு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பிள்ளைகள் மொத்தமாக எழுந்து "வணக்கம் டீச்சர்" என்றார்கள். அவர் தனக்குப் பின்னால் யார் நிற்பது என்று திரும்பிப் பார்த்தார். பிறகு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். பின்வரிசையில் அவர் மகள் கவிதா முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

அக்கா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டர். டெக்னீஷியனாக வேண்டுமென்றால் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்துக்குக் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி நாளில் அவர் அந்த ஒரு பாடத்தில்தான் தோற்றிருந்தார். அதை மறுபடி எழுதுவதென்று முடிவு செய்து, இரவு ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிக் கடலைக் கடந்து நேரே வகுப்புக்கு வந்துவிடுவார். வகுப்பில் நான் "சார்". படியிறங்கியதும் "தம்பி, பசியாறிட்டியா?"

நான் வேகமாக நடத்துவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த கணக்குக்குப் போவோம். அன்று நேர்கோட்டின் சாய்வு. அக்கா கை தூக்கினார்.

"புரியல சார்."

மறுபடி சொன்னேன். மறுபடியும் புரியவில்லை என்றார். கீழே கடையின் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் குரலை உயர்த்தி மூன்றாம் முறை அதையே சொன்னேன்.

"சார், சத்தந்தான் கூடுது. விளக்கம் கூடல. வேற மாதிரி சொல்லுங்களேன் லா."

அறையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, வேறு யாருக்காவது புரியவில்லையா என்று கேட்டேன். ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் தூக்காத கைகள்தான் குறைவு. எழுந்த கைகளில் கவிதாவுடையதும் ஒன்று.

வெண்பலகையில் எழுதியிருந்ததை அழித்தேன். பிறகு அக்காவிடம் ஃபெரி இறங்குபாலத்தில் மோட்டார் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டேன். தண்ணீர் ஏறியிருந்தால் மட்டமாக இருக்கும், வற்றியிருந்தால் செங்குத்தாக இருக்கும், பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். பாலத்தை வரைந்தேன். நீளத்துக்கு எவ்வளவு உயரம் என்று குறித்தேன். "இவ்வளவுதானா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அக்கா என்னை முறைத்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் பொய்யாகத் தலையாட்டவில்லை.

பரீட்சை அன்று பள்ளிக் காவலர் அவரை வாசலிலேயே நிறுத்தி, பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றாராம். பெற்றவள்தான், ஆனால் இன்று எழுதப்போவது நான் என்று அக்கா மலாயில் சொல்லித் தேர்வுச் சீட்டை நீட்டினாராம். காவலர் கதவை அகலத் திறந்துவிட்டார். இந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். காவலர் சல்யூட் அடித்ததாகவும் ஒரு வடிவம் உண்டு. நான் நம்பவில்லை.

முடிவு வந்த அன்று அவர் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. சனிக்கிழமை படியேறி வந்தார். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, வெண்பலகையின் நடுவில் ஆள் உயரத்துக்கு 'B' என்று எழுதினார்.

"யாரும் அழிக்கக்கூடாது."

கவிதாதான் முதலில் எழுந்து கைதட்டினாள். அன்று முழுவதும் அந்த எழுத்தைச் சுற்றிக் கிடந்த இடத்தில்தான் கணக்குப் போட்டேன். அந்த எழுத்து அக்காவை டெக்னீஷியன் ஆக்கியது.

இறுதிச் சடங்கில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அடையாள அட்டையில் இருந்ததைக் கவிதா பெரிதாக்கியிருந்தாள். கழுத்துக்குக் கீழே 'டெக்னீஷியன்' என்பதும் தெரியும்படிதான் வெட்டியிருந்தாள்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமை வகுப்பை நான் விடவில்லை. முன்வரிசையில் அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது. அதில் உட்காருபவர் ஒரு தடவையாவது "புரியல" சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். அக்காவைப் பார்த்தேயிராத பிள்ளைகள் அந்த நாற்காலிக்குச் சண்டை போடுகிறார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். சடங்கு முடிந்த வாரம் அதே சாய்வுப் பாடம். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே ஃபெரி பாலத்தை வரைந்து விளக்கினேன். அந்த நாற்காலியில் இருந்த பெண் கை தூக்கினாள்.

"ஃபெரில நான் போனதே இல்ல சார். புரியல."

குரலை உயர்த்தவில்லை. பாலத்தை அழித்துவிட்டு, தினமும் எந்த வழியாக வருகிறாய் என்று கேட்டேன்.