பின்னறைச் சன்னலின் குண்டுகள்

டப்ளின் வடகரையில் லோர்கன் ரூனியைப் போலச் சன்னல் செய்யும் தச்சன் அந்நாளில் வேறு எவனும் இல்லை. அவனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தவன் செய்தான் என்பதுதான் குற்றத்தைப் பெரிதாக்குகிறது.

எங்கள் சன்னல்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்குபவை. நிலைச்சட்டத்தின் பொந்துக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள் கண்ணாடிச் சட்டத்தின் பாரத்துக்குச் சமமாக இருந்தால் இரண்டு விரலால் தூக்கலாம். விட்ட இடத்தில் நிற்கும்.

1971இல், பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்று நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நிதி தர முன்வந்தது. தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும்தான். பின்னறைகளில் யார் எப்படி வாழ்ந்தால் என்ன? லோர்கன் முகப்புச் சன்னல்களுக்குப் புதுச் சட்டமும் தடித்த கண்ணாடியும் போட்டான். பழைய குண்டுகளின் எடை போதவில்லை. புதியவை வர இரண்டு வாரமாகும். சங்கத்தார் பார்க்க வருவதோ வெள்ளிக்கிழமை.

முதல் மாடிப் பின்னறையில் உனா ட்ரேசி இருந்தாள். சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பிழைத்த விதவை. அவள் வெளியே போயிருந்த நேரத்தில், வீட்டுக்காரர் பிகட்டின் சாவியால் அறையைத் திறந்து, அவள் சன்னலின் கனத்த குண்டுகள் இரண்டையும் லோர்கன் கழற்றினான். வெறுங்கயிற்றின் நுனிகளைப் பொந்துக்குள்ளேயே ஆணியில் கட்டினான். திங்களன்று திருப்பி மாட்டிவிடலாம் என்று எண்ணினான். திங்களன்று வேறு வேலை வந்துவிட்டது.

மறுவாரம் உனா சன்னலைத் தூக்கினாள். ஈரத்தில் இறுகிப்போன மரம் ஒரு கணம் நின்றது, பிறகு விழுந்தது. வலக்கையில் மூன்று விரல்கள் நொறுங்கின.

அவள் பிகட்டின்மேல் வழக்குப் போட்டாள். நானும் கூடப் போனேன். பிகட்டின் வக்கீல் எழுந்து, "துணி காயப்போடச் சன்னல் கயிறையே அறுத்துக்கறவங்க இவங்க" என்றார். பிறகு லோர்கனைக் கூண்டில் ஏற்றினார்.

"வீட்டுச் சன்னலெல்லாம் பாத்தவர் நீங்க. வேலய முடிச்சிட்டுப் போறப்ப இவங்க சன்னல் கயிறு எப்படி இருந்தது?"

"முழுசா இருந்ததுங்க."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பைபிளைத் தொட்டுச் செய்த சத்தியத்துக்குப் பங்கமில்லை. பொந்தைத் திறந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. வழக்குத் தள்ளுபடியானது.

கோர்ட் வாசற்படியில் உனா அவனை நிறுத்தினாள். "வேலய விட்டுட்டு வந்தீங்களே, மிஸ்டர் ரூனி. நான் ஒரு அவசரக்காரி. முரட்டுத்தனமா இழுத்திருப்பேன் போல."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அன்று மாலை மதுக்கடையில் கொத்தனார் கல்லன் கேலி செய்தான்: "ஒரே வார்த்தையில கேச முடிச்சிட்டியாமே! உளியக் கீழ போட்டுட்டு வக்கீலாப் போடா!"

லோர்கன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனானாம்.

ஞாயிறன்று இரண்டு புதுக் குண்டுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உனாவின் அறைக்கு வந்தான்.

"யாரு அனுப்பினா? பிகட்டா?"

"யாரும் அனுப்பல."

பொந்தின் பலகையைக் கழற்றினான். அவளும் குனிந்து பார்த்தாள்.

"என்ன இது, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"நாந்தான் எடுத்தேன். முன்பக்கத்துக்கு."

"கோர்ட்டுல நிக்கும்போது இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அவங்க கயிறப் பத்தித்தான் கேட்டாங்க."

உனா சிரித்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். அவன் குண்டை எடுக்கக் குனிந்தபோது அவள் கட்டுப் போட்ட கையைப் பொந்தின் குறுக்கே வைத்தாள்.

"மாட்டாதீங்க. மாட்டிட்டா என்கிட்ட என்ன சாட்சி இருக்கும்? அப்பீலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. கோர்ட்டுக்காரங்க வந்து பாக்கட்டும்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சரிசெய்ய வந்தேனா, தடயத்தை அழிக்க வந்தேனா? தெரியவில்லை என்றே சாகும்வரை சொல்லிவந்தான்.

"வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றான். அவள் நம்பவில்லை. கீழ்த்தளத்திலிருந்த என்னைக் கூப்பிட்டு, அந்த வெற்றுப் பொந்தை நானும் பார்க்கும்படி செய்தாள்.

மேல்முறையீட்டில் வக்கீல் மறுபடி கயிற்றைப் பற்றித்தான் கேட்டார். லோர்கன் கேள்வியை விட்டுவிட்டுக் குண்டுகளைப் பற்றிச் சொன்னான். குரல் எழும்பவில்லை, நீதிபதி இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

"ஏன் எடுத்தீர்?"

லோர்கன் உனாவைப் பார்க்காமல் சொன்னான்: "பின்னறைக்காரங்கதானேன்னு நெனச்சேங்க."

தீர்ப்பு அவளுக்குச் சாதகமானது. விரல்கள் மறுபடி மடங்கவில்லை.