யாருடைய மகள்

நாகலாபுரத்து வீட்டில், மாலை பேருந்தில் வந்திறங்கிய மகள் என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளிப் பேருந்துச் செயலியை எதற்கோ திறந்தேன். ‘உங்கள் மகள் பேருந்தில் ஏறவில்லை’ என்றது. போனை அவளிடம் நீட்டினேன்.

“நா இங்கதான நைனா துன்னுகினு கீறேன்? பேய்னு நெனச்சியா?” என்று சிரித்தாள்.

மென்பொருள் வேலை பார்க்கும் மூத்தவன் போனை வாங்கிப் பார்த்தான். “அவங்கவங்க மெசேஜைத் தனித்தனியா வெக்காம, சர்வர்ல அல்லாருக்கும் பொதுவா ஒரே எடத்துல வெச்சிருப்பாங்க நைனா. கடசியா வந்தது, யாரு தொறந்தாலும் தெரியும்.”

அப்படியானால் பேருந்தில் ஏறாத பெண் ஒருத்தி எங்கோ இருக்கிறாள். மகள் வீடு சேர்ந்தாள் என்று எங்களுக்கு வந்த செய்தியைப் படித்துவிட்டு அவளுடைய அப்பா நிம்மதியாக இருப்பார்.

பள்ளியில் யாரும் போனை எடுக்கவில்லை. செயலியை மறுபடி திறந்தேன். ‘உங்கள் மகள் பத்திரமாக வீடு சேர்ந்தாள்.’ அது எந்த மகள் என்று தெரியாமல், எதிரே இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.