ஏகாம்பரத்தின் அழுக்கு ஸ்பாஞ்ச்

வண்ணமீன் வியாபாரத்தில் மீனை விற்பது சுலபம். “இன்னும் மூணு வாரம் வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருங்க” என்று சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் கஷ்டம். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. மீனின் கழிவு தண்ணீரில் அமோனியா என்ற விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டியில் குடியேறும் முன்பே மீனை விட்டால் மீன் செத்து மிதக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி நம் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

தொழிற்சங்கத் துண்டறிக்கை எழுதிப் பழகிய கை இது. ஆகவே எனக்கு நேர்ந்த அநீதிகளை முதலில் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். ஒன்று: அம்பத்தூரில் வேலைநிறுத்தம் நடத்தியதற்காக என்னைக் கம்பெனி வெளியே தள்ளியது. இரண்டு: அதே நிறுத்தத்தில் பின்வாசல் வழியாக வேலைக்குப் போன ஏகாம்பரம், பணி ஓய்வு வரை அங்கேயே இருந்து சால்வையும் வாங்கினான். மூன்று: திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குப் படிப்பகம் கேட்டு மனுப்போட்டுப் போட்டே என் தலை நரைத்தது, கட்டி முடித்ததும் பெஞ்சு கொடுத்தவர் பெயர் வரை சுவரில் எழுதினார்கள், என் பெயரை விட்டுவிட்டார்கள். நான்கு: திறப்பு விழாவன்று படிப்பகத்தில் மீன் தொட்டி இருக்கும் என்று தெருப் பிள்ளைகளுக்கு நான் வாக்குக் கொடுத்த வாரமே, என் கடைத் தொட்டிகள் அத்தனையிலும் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது.

திருஷ்டி கழிந்தது

அந்த வாரம் வந்த முதல் ஆள் நெமிலிச்சேரி ஆட்டோக்காரர். காலையில் கிரகப்பிரவேசம், மாலையில் தொட்டி, மறுநாளே மீன் என்று முடித்தவர். நான் தடுத்தும் கேட்கவில்லை. மீன்கள் செத்துப்போனதும் சண்டைக்கு வருவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

“ஊட்டு மேல வுழுந்த கண்ணெல்லாம் அதுங்க வாங்கிகினு போய்ட்ச்சு நைனா, இன்னும் நாலு குடு!”

நல்லா உறையும்

அடுத்தவர் ஆவடி குவார்ட்டர்ஸ் அம்மா, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுப் போன ஒரே வாடிக்கையாளர் என்று பெருமைப்பட்டிருந்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். பால் மாதிரி இல்லை, மோரேதான்.

“பாக்டீரியா வேணும்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, எங்க வீட்டுத் தயிரு நல்லா உறையும்லா?”

பின்வாசல்

பொறுத்திருங்கள் என்று ஊருக்குப் பாடம் நடத்திய எனக்கே பொறுக்க நாளில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பிள்ளைகள் கண்முன்னே மீன் செத்தால் அதற்குப் பிறகு என் வாக்குக்கு அந்தத் தெருவில் என்ன மதிப்பு? குறுக்குவழி ஒன்று உண்டு: நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் வைப்பது. குடியிருக்கும் பாக்டீரியா அப்படியே இடம் மாறும். என் கடை ஸ்பாஞ்சை வைத்தால் நோயும் சேர்ந்து புதுத் தொட்டிக்குப் போகும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை நான் விற்கிறேன், நம்புவதில்லை. ஆண்டுக்கணக்காக ஒரு மீன்கூடச் சாகாத தொட்டி இந்தப் பக்கத்தில் ஒன்றுதான். அது அண்ணனூரில், ஏகாம்பரம் வீட்டில்.

போனேன். முன்வாசல் பூட்டியிருந்தது. கொல்லைப்புறமாக நுழைந்தபோது அவன் தொட்டியிலிருந்த மோலி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வா தலீவரே, நீ கூட பின்வாசல் வழியா வருவியா?”

பணம் வேண்டாம்

காரியத்தைச் சொன்னேன். ஸ்பாஞ்ச் தருகிறேன், மோலியும் தருகிறேன், காசு வேண்டாம் என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது. சும்மா கொடுக்கும் ஆளை நான் என் காலத்தில் பார்த்ததில்லை. கேட்டேன். தீனி டப்பாவை மூடிவிட்டுச் சொன்னான்.

“அன்னிக்கு கம்பெனி கேட்டாண்ட மைக்கப் புட்ச்சி, துரோகின்னு எங்கப்பன் பேரோட சேத்து என் பேரப் பட்ச்ச இல்ல, அதே மாரி தொறப்பு வியாவுல இன்னொரு தபா படி, இந்த வாட்டி நல்லதுக்கு!”

சோப்பு நுரை

சரி என்றேன். சனிக்கிழமை வாங்கப் போனால், ஏகாம்பரத்தின் மனைவி ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தேய்த்துக் கழுவி, புத்தம்புது மஞ்சளாகத் தட்டில் வைத்து நீட்டினார். துணி சோப்பு மணந்தது. அதில் இருந்த ஒரு பாக்டீரியாவும் பிழைத்திருக்காது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அந்தத் தொட்டிக்கு இரண்டு ஃபில்டர். ஏகாம்பரம் பாய்ந்துபோய், இன்னொன்றின் ஸ்பாஞ்சைச் சேறும் சகதியுமாக எடுத்து, அதே தொட்டித் தண்ணீரிலேயே பக்கெட்டில் மிதக்கவிட்டான். அந்தம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

“நாலு பேர் வர்ற எடத்துக்கு இந்த அயுக்கையா குடுத்தனுப்புவ, என் மானம் இன்னாய்யா ஆவறது?”

மைக்

ஸ்பாஞ்சும் மோலிகளும் சனியன்றே படிப்பகத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஞாயிறு காலை சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டேன். அமோனியா இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகவே நின்றது. மோலிகள் கண்ணாடியை மேய்ந்தன. ஒரு சின்னப்பெண் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து முடித்திருந்தாள்.

விழாவில் பேச என் முறை வந்தது. கூட்டத்தில் பழைய கம்பெனி ஆட்கள் பலர் இருந்தார்கள். அன்று கேட் முன்னால் நின்று கேட்டவர்கள்தான். அன்று படித்ததை நான் திரும்பப் பெறவில்லை, ஒரு எழுத்தும் பெறமாட்டேன். ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே குரலில் படித்தேன்: “இந்தத் தொட்டிக்கு உயிர் கொடுத்தவர், அண்ணனூர் முனுசாமி மகன் ஏகாம்பரம்!” பிள்ளைகள் கைதட்டினார்கள். பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவர்களும் தட்டினார்கள். முன்வரிசையில், கம்பெனி போட்ட பழைய சால்வையோடு உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் கையைத் தூக்கினான்.

“பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல தலீவரே, இன்னொரு தபா!”

கம்பெனி மிரட்டியும் கெஞ்சியும் என் வாயிலிருந்து வாங்க முடியாத நல்ல வார்த்தையை ஒரு நாறிய ஸ்பாஞ்ச் இரண்டு முறை வாங்கிவிட்டது: அண்ணனூர் முனுசாமி மகன் ஏகாம்பரம்.