சரிந்த மாவிளக்கு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து. தாயில்லாமல் நின்ற மச்சினர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஒருவரும் சோடை போகவில்லை. மலையாளத்துக் கரமனைக்கு மருமகளாக வந்த நாள் முதல், பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி வாசல் மிதித்ததில்லை என்று நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி மீனா எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை பாராயணத்துக்கு வருகிற நீங்கள் எல்லோரும், அம்பாள் எனக்குச் செய்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருஷம் ஆனி மழையில் ஆரம்பித்தது. வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டது. இரண்டு வாய் சாதத்துக்குமேல் இறங்காது. வாயு என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் வீட்டில் வயிற்றுக்கு வேறென்ன மருந்து? உப்பு நாரத்தங்காய், உப்பும் பெருங்காயமும் போட்ட மோர். வேளை தவறாமல் சாப்பிட்டேன். உப்புசம் கூடியதே தவிரக் குறையவில்லை. படுத்தால் அடைத்தது. எழுந்து உட்காருவேன். நடப்பேன். திரும்ப உட்காருவேன். கடைசியில் கூடத்துச் சாய்வு நாற்காலியே படுக்கையாயிற்று.

எதிர்வீட்டுச் செல்லம் மாமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி சீதே, படுக்கை வேண்டாம், சிம்மாசனம் போறும்னு ஆயிடுத்தா?"

"ராணிக்கு அதுதாண்டி லட்சணம்" என்றேன். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

மருமகள் லலிதா சிரிக்கவில்லை. "அம்மா, கால் வேற வீங்கியிருக்கு. எனக்குப் பேடியா, பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போலாமே."

"வாயுவுக்கு டாக்டரா? நீ சும்மா இரு. அம்பாளுக்கு வேண்டிண்டாச்சு. ஆடி வெள்ளிக்கு வயத்துமேல மாவிளக்கு ஏத்திண்டா எல்லாம் சரியாயிடும்."

அது எங்கள் குடும்பத்து வழக்கம். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய்த்திரி போடுவோம். நோவு எங்கேயோ அங்கே வாழையிலை வைத்து, அதன்மேல் விளக்கு. சன்னிதியில் மல்லாந்து படுத்து, திரி எரிந்து தீர்ந்து மலையேறும்வரை அசையக் கூடாது.

ஆடி வரும்வரை நான் பட்ட தவிப்பை என்ன சொல்ல? ஏழு பேருக்குப் பால் காய்ச்சின கைக்கு ஒரு செம்பு கனத்தது. ஓரிடத்தில் நிலை கொள்ளவில்லை. 'தாயே, எனக்கு என்னவென்று எனக்குக் காட்டு' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சுகம் கொடு என்றுகூட இல்லை. காட்டு என்றுதான்.

ஆடி வெள்ளியும் வந்தது. ஈரப் புடவையோடு கருங்கல் தரையில் படுத்தேன். லலிதா விளக்கை வைத்துத் திரியை ஏற்றினாள். உடனே மூச்சு முட்டியது. ஆற்றில் முங்கினவள்போல் இருந்தது. அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். சுடர் ஆடியது. என் வயிறுதான் ஆடுகிறது. முடியவில்லை. துள்ளி எழுந்தேன். விளக்கு சரிந்து தரையில் விழுந்து அணைந்தது.

அந்த நிமிஷம் என் உயிர் பாதி போயிற்று. ஏற்றின விளக்கு அணைந்தால் என்ன அர்த்தம்? "அவ என்னை வேண்டாம்னுட்டாடி!" என்று அழுதேன்.

"இல்லேம்மா. உட்கார்ந்ததும் உங்களுக்கு மூச்சு வந்துடுத்து, கவனிச்சேளா? படுத்தாத்தான் போறது. வாங்கோ." லலிதா அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. ஈரப் புடவையோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் பெண். உறங்க எத்தனை தலையணை வேண்டும் என்று கேட்டாள். "தலையணையா? நான் நாற்காலியிலன்னா தூங்கறேன்" என்றேன், பெருமையாகவே.

அவள் முகம் மாறியது. "இது வயறல்லா அம்மே. ஹார்ட்டாணு."

இருதயம் தளர்ந்து, நுரையீரல்வரை நீர் கோத்திருந்தது. வயிறு உப்பினதும் கால் வீங்கினதும் அதனால்தான். நான் மருந்தென்று தின்ற உப்பு, நீரை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. தாமதித்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றாள்.

கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எவ்வளவு நாளாகப் படுக்காமலே நோயை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்! பிள்ளைகள் சொன்னால் படுத்திருப்பேனா? அம்பாள் சன்னிதி என்றால்தான் படுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். விளக்கைத் தள்ளிவிட்டு, இதோ பார் என்று காட்டிவிட்டாள். காட்டு என்று கேட்டது நான்தானே.

முழுக்கக் குணம் என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை உண்டு, உப்பு இல்லை. நாரத்தங்காய் ஜாடி செல்லம் மாமி வீட்டுக்குப் போய்விட்டது. "ராஜ்யத்துல பாதி எனக்கா?" என்று வாங்கிக்கொண்டாள். தை வெள்ளியன்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி சன்னிதியில் படுத்தேன். திரி தானாக மலையேறியது. நான் அசையவில்லை.

உங்களில் யாராவது உடம்பில் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: அம்பாளை விடாதீர்கள். அவள் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் செய்யாதீர்கள். லலிதா கையைப் பிடித்து இழுத்தாளே, அதுவும் அம்பாள் கைதான்.

போதும் மீனா. எங்கே, முதலிலிருந்து வாசி. நாற்காலி வேண்டாம், பாயைப் போடு. நான் படுத்துக்கொண்டு கேட்கிறேன்.