நிலக்கரித் துண்டில் ஒட்டியிருந்த சீட்டு

கடலூரில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடமும், நான் போகிற சபையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் நடப்பது பத்தாம் வகுப்பு அறையில். வாரம் முழுக்க அதே அறையில் அறிவியல் நடத்தியவள் நான். வெள்ளிக்கிழமை நான் கரும்பலகையில் வரைந்துவிட்டுப் போனதை ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட்டு, ஆறு கட்டம் போட்டு ஆறு நாள் படைப்பை எழுதி வைப்பார்கள். ஓரத்தில் "அழிக்க வேண்டாம்" என்று வேறு இருக்கும். திங்கட்கிழமை காலையில் நான் அதை அழிப்பேன். பாடம் நடத்த எனக்கு வேறு பலகை இல்லை.

நான் ஆண்டவரை விசுவாசிக்கிறவள். பூமி கோடிக்கணக்கான வருஷம் பழையது என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் என் தலைக்குள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டதெல்லாம் வெளியில் இருந்த ஆட்கள்தான்.

புதைபடிவம் பாடம் வரும்போது நான் நம் ஊர் மண்ணைத்தான் வரைவேன். அடியில் மணல், அதன்மேல் பழுப்பு நிலக்கரி, அதன்மேல் கேப்பர் மலையில் பார்க்கிற சிவப்புப் பாறை, கடைசியில் மேல்மண். எல்லாவற்றுக்கும் மேலே சாக்பீஸ் நுனியால் மெல்லிசாக ஒரு கோடு. "இந்தக் கோடுதான் நாம. இதுக்கு அடியில இருக்கறதெல்லாம் நாம வர்றதுக்கு முன்னாடி அவர் செஞ்சி வெச்சது. அவருக்கு அவசரமே இல்ல பாத்தீங்களா" என்பேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது. பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை.

ஒரு நாள் பின்பெஞ்சுப் பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், நீங்க சொன்னத சண்டே ஸ்கூல் டெஸ்ட்டுல எழுதுனேன். சைபர் போட்டுட்டாங்க."

"என்ன எழுதணுமாம்?"

"ஆறாயிரம் வருஷம்னு எழுதணுமாம். அப்ப இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு எழுதிக்கவா டீச்சர்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எழுதாத. இருக்கறது ஒரே பூமி. அதுக்கு ரெண்டு வயசு கெடையாது" என்று கத்தினேன். அன்று சாயங்காலமே அது பாஸ்டர் காதுக்குப் போய்விட்டது.

அது போகக் கூடாத நேரம். பதினோரு வருஷம் தற்காலிகமாக ஓட்டியபின், அந்த வருஷம்தான் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். அதற்கு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். பட்டம் இருந்தால் போதாது, பாடம் நடத்தத் தெரிந்தால் போதாது. "இவர் நல்ல சபை அங்கத்தினர்" என்று பாஸ்டர் லெட்டர் கொடுக்க வேண்டும். அந்த லெட்டர் இல்லாமல் ஃபைல் நகராது. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இன்று உண்டு, நாளை வராதே என்பார்கள். என் வேலை நிலைத்தால்தான் வீடு நிலைக்கும் என்ற நிலைமை.

பாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பியதும் வீட்டுக்காரர் சொன்னார். "என்னா கேட்டாலும் சரின்னுட்டு வந்துடு. உலகத்துக்கு எத்தினி வயசு ஆனா நமக்கு என்னாடி? உனக்கு நாப்பத்தொண்ணு ஆவுது, அதப் பாரு."

"பாக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆராதனை முடிந்து, என் வகுப்பறையிலேயே வைத்து என்னை விசாரித்தார்கள். பாஸ்டர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சண்டே ஸ்கூல் தலைவரும் இரண்டு கமிட்டிக்காரர்களும் பிள்ளைகளின் பெஞ்சில், முட்டி இடிக்க, தொப்பை மடங்க உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சையில் தவறியவர்கள் மாதிரியே இருந்தார்கள்.

"சிஸ்டர், உங்க ஜெப வாழ்க்கை எப்பிடி இருக்கு?" என்றார் பாஸ்டர்.

"நல்லா இருக்கு பாஸ்டர். லெட்டர் எப்பிடி இருக்கு?"

"ரெடியா இருக்கு. ஒரே ஒரு கையெழுத்துதான்."

லெட்டரோடு இன்னொரு தாளையும் நீட்டினார். உலகம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆறு நாளில், நாளுக்கு இருபத்துநாலு மணி நேரமாகப் படைக்கப்பட்டது என்று விசுவாசிக்கிறேன், அப்படியே கற்பிப்பேன் என்று டைப் அடித்திருந்தார்கள். கீழே என் பெயர்.

"சூரியன் நாலாம் நாள்தான வருது பாஸ்டர்? மொத மூணு நாளும் இருபத்துநாலு மணி நேரம்னு எத வெச்சி பாத்தாங்க?"

"கேள்வி கேக்குற ஆவி வேற சிஸ்டர், விசுவாசிக்கிற ஆவி வேற."

இந்த மனிதர் தனக்கு முதுகு வலித்தபோது புதுச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைச் சபைக்கே வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அவர் முதுகெலும்புக்கு அறிவியல் வேண்டும். என் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து போய் அறிவியல் அலமாரியைத் திறந்தேன். அதில் ஒரு நிலக்கரித் துண்டு உண்டு. முன்பு ஒரு கண்காட்சிக்காகச் சண்டே ஸ்கூல் தலைவரே கொண்டுவந்து கொடுத்தது. அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் உத்தியோகம். குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் வேலைக்குப் போய், பாறை அடுக்குகளைப் பார்த்து எங்கே தோண்டலாம் என்று சொல்கிற பிரிவில் இருக்கிறார். துண்டின் மேல் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய சீட்டு: "பழுப்பு நிலக்கரி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடு." அதன் கீழே அவருடைய கையெழுத்து. அதை அவர் முன்னால் பெஞ்சில் வைத்தேன்.

"இது யாரு எழுத்துண்ணே?"

"எங்கையெழுத்துதான்."

"கோடின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஆறாயிரத்துக்குள்ள அது எப்பிடி அடங்குது?"

அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். இந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தத் துண்டை எடுத்தேன் என்றும் ஒத்துக்கொள்கிறேன். அவர் முகம் சுருங்கவே இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அது கம்பெனி கணக்கு டீச்சர். இது சபைக் கணக்கு. ரெண்டயும் ஏன் போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

மற்ற இருவரும் பெரிய சிக்கல் தீர்ந்த மாதிரி தலையாட்டினார்கள். பாஸ்டர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

அவர் அந்த ஆறாயிரத்தை உண்மையாகவே நம்பியிருந்தால் நான் மதித்திருப்பேன். எங்கள் சபையில் அப்படி நம்புகிற எழுதப்படிக்கத் தெரியாத அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இவர் நம்பவில்லை. சுரங்கத்தில் ஒரு உலகம், சபையில் ஒரு உலகம் வைத்துக்கொண்டு, இரண்டிலும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். இவர்தான் அந்தப் பெண்ணுக்கு சைபர் போட்டவர். இங்கே ஒன்று அங்கே ஒன்று எழுதாதே என்று அவளிடம் கத்தியவள் நான். அதே அறையில் உட்கார்ந்து நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், இந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"வேண்டாம் பாஸ்டர்" என்றேன்.

"யோசிச்சி சொல்லுங்க சிஸ்டர். பதினோரு வருஷம்."

"யோசிச்சிட்டேன்."

அவர் லெட்டரை நாலாக மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். "உங்களுக்காக ஜெபத்துல வெக்கிறேன்" என்றார். நான் நிலக்கரித் துண்டை எடுத்துக்கொண்டேன். "அது ஸ்கூல் சொத்துங்க டீச்சர்" என்றார் தலைவர். துண்டை அலமாரியில் வைத்துவிட்டு, சீட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அதில் எழுதியிருந்தது அவர்களுக்கு முக்கியமில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சிதம்பரத்துல ஒரு ஸ்கூல்ல சயின்ஸுக்கு ஆள் கேக்கறாங்களாம். போய்ப் பாரு" என்றார். அதுதான் அவர் மன்னிப்பு.

சிதம்பரத்துப் பள்ளியின் தாளாளர், நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். என் பெயரைப் பார்த்ததுமே சிரித்தார்.

"கிறிஸ்டியனா மேடம்? சயின்ஸ் எப்பிடி நடத்துவீங்க? ஒங்க ஆளுங்க ஆறு நாள்ல உலகம் வந்துதுன்னுல்ல சொல்லுவாங்க?"

"அதச் சொல்ல மாட்டேன்னுதான் சார் வேலைய உட்டுட்டு வந்திருக்கேன்."

அது அவர் காதில் ஏறவில்லை. கிறிஸ்தவர் என்றால் ஒரே வகைதான் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஆள். "எப்பிடியோ போகட்டும். இங்க சாமி வீட்டுல, சயின்ஸ் ஸ்கூல்ல. ரெண்டயும் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

கடலூரில் கேட்ட அதே பேச்சு. முப்பது மைல் தள்ளி வந்தும் எனக்குக் கிடைத்தது அதே அறிவுரைதான்.

"பாடத்துல இருக்கறத ஒரு எழுத்து உடாம நடத்துவேன் சார். இதையெல்லாம் யாரு செஞ்சதுன்னு புள்ளைங்க கேட்டா, நான் நம்பறதச் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாங்க மேடம்" என்றார் சாவகாசமாக. "இங்க மார்க்கு மட்டும்தான் கேப்பாங்க."

வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான். அந்த ஆள் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. இரண்டு வருஷமாக அதே மணலையும் நிலக்கரியையும் சிவப்புப் பாறையையும் வரைகிறேன், மேலே அதே மெல்லிசுக் கோட்டைப் போடுகிறேன். இதுவரை வந்த கேள்வி ஒன்றுதான்: "மேடம், இது இம்பார்ட்டன்ட்டா?"

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் அதே சபைக்குத்தான் போகிறேன். ஏன் போகிறாய் என்கிறார்கள். அது பாஸ்டர் வீடு இல்லை, அதனால் போகிறேன். அந்தச் சீட்டை என் வேதபுத்தகத்தில், ஆதியாகமம் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். காணிக்கைப் பை எடுத்துவருவது சண்டே ஸ்கூல் தலைவர்தான். என் வரிசைக்கு அவர் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வேன். தன் கையெழுத்தை அவர் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் பையை நீட்டுவார்.