கல்பாலத்தில் என்னைப் பிடித்த கை

தொண்ணூற்று நான்கில், இயந்திரம் பார்த்துவர எங்கள் ராஜபாளையம் மில்லிலிருந்து ஃபிட்டர் அண்ணாச்சியையும் என்னையும் சீனாவுக்கு அனுப்பினார்கள். லீவு நாளில் ஒரு பழங்காலக் கல்பாலத்தைப் பார்க்கப் போனோம். நான் வேட்டியும் பெல்ட்டுமாகப் போனேன். என்னை உருப்படாதவன் என்று சொல்லிவந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனாருக்கு அங்கே ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழுக்கச் சிங்கம் செதுக்கியிருந்தார்கள்.

“ஏலே, தூறல் விழுந்திருக்கு. சுவத்துல ஏறாத, வழுக்கும்” என்றார் அண்ணாச்சி.

“நீங்க கேமராவப் பிடிங்க அண்ணாச்சி. இத்தன சிங்கத்தோட நானும் ஒரு சிங்கமா நிக்கேன்.”

சிங்கம் ஏறியது. நிமிர்ந்ததும் செருப்பு வழுக்கி, உடம்பு ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

கீழே பாலத்தில் நின்று யாரோ என் பெல்ட்டைப் பற்றினார்கள். கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு சீனத்து அம்மா. என்னில் பாதிதான் இருப்பார். சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். பெல்ட்டில் ஒரு பட்டன் தெறித்தது. அடுத்ததும் தெறிப்பதற்குள் அண்ணாச்சி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டார்.

கீழே இறங்கிய என்னை அந்த அம்மா மூச்சுவிடாமல் திட்டினார். ஒரு சொல்லும் தெரியாமலே அத்தனையும் புரிந்தது. கும்பிட்டேன். பிறகுதான் அவர் சிதறிய முட்டைக்கோசைப் பொறுக்கப் போனார்.

பதற்றத்தில் அண்ணாச்சி கேமராவை அமுக்கியிருக்கிறார். படத்தில் ஆற்றுப் பக்கம் சாய்ந்து நிற்கும் நானும், என் பெல்ட்டைப் பிடித்த கையும் மட்டும் இருந்தோம். ஊர் ஸ்டுடியோவில் அந்தக் கையை வெட்டிவிடச் சொன்னேன்.

மாமனார் படத்தைக் கூடத்தில் மாட்டினார். “பிடிமானமே இல்லாம எம் மருமகன் எப்படி நிக்காரு பாத்தியளா” என்பார், வருகிறவர்களிடம்.

நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.