டௌவெ வேண்டுமென்றே சொன்ன தவறு

எதையாவது மறுத்துப் பேசப் போகிறாள் என்றால் ஹிஸ்கெவுக்கு முதலில் காது மடல்கள் சிவந்துவிடும். ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு மருத்துவமனையில் நானும் அவளும் நுரையீரல் மருத்துவம் பயின்றோம்.

போன குளிர்காலத்தில் ஒருநாள், காலைக் கூட்டத்தில் ஒரு கிழவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "நிமோனியாதான்," என்றார் எங்கள் பயிற்சியாளர் டௌவெ.

"டௌவெ, அவருக்குக் காய்ச்சலே இல்லையே. ஒரு கால் வேற வீங்கியிருக்கு. நுரையீரல்ல ரத்தக்கட்டியா இருக்காதா?" என்றாள் ஹிஸ்கெ.

"ஓ, இன்னைக்குப் பாடம் நீ எடுக்கறியா? அப்ப நான் காபி குடிக்கப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். ஸ்கேனில் ரத்தக்கட்டிதான் தெரிந்தது. ஆனாலும் அவளைப் பற்றிய மதிப்பீட்டில், சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவள் என்று டௌவெ எழுதினார். பயிற்சியில் அவள் நீடிப்பதா வேண்டாமா என்பது வசந்தகாலத் தேர்வைப் பொறுத்தது என்றார்கள். அதன்பின் கூட்டங்களில் அவள் வாய் திறக்கவில்லை.

சுயமாகச் சிந்திக்கிறோமா என்று பார்க்கும் வாய்மொழித் தேர்வு அது. டௌவெவும், வேறு ஊரிலிருந்து வந்த மருத்துவர் மார்லீஸும் தேர்வாளர்களாக எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஹிஸ்கெவுக்கு வந்த கேள்வி: நீண்ட விமானப் பயணம் முடித்த ஒரு பெண்ணுக்கு மூச்சுத்திணறல், ஒரு காலில் வீக்கம். பாதியில் டௌவெ சொன்னார்: "எனக்கு நிமோனியான்னுதான் படுது. நீ என்ன சொல்ற?"

"நீங்க சொல்றது சரிதான், டௌவெ."

தேர்வாளர் வேண்டுமென்றே தவறாகச் சொல்வார். மாணவர் மறுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதுதான் தேர்வே. அப்போது எங்களுக்கு அது தெரியாது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கேள்வி கேக்கற பழக்கமே இல்லையாம். தேர்வு போயிருச்சு."

"ரத்தக்கட்டின்னு உனக்குத் தெரியலையா?"

"முதல்லயே தெரிஞ்சுது. காதெல்லாம் கொதிச்சுது."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"போன தடவை சொன்னேனே."

"மேல்முறையீடு பண்ணு. குளிர்காலத்துல நடந்ததைச் சொல்லு."

"சொன்னா, 'பாத்தீங்களா, இவளோட வேலை செய்யவே முடியல'ன்னு அதையும் எழுதுவாங்க." சைக்கிள் பூட்டைத் திறக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் வழக்கப்படி, வேலையை விட்டுப் போகிறவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்கி வரவேண்டும். ஹிஸ்கெ பீச் பழ கேக் வாங்கி வந்தாள். டப்பாவின் மேலேயே பீச் என்று பெரிதாக எழுதியிருந்தது.

டௌவெ ஒரு வாய் சாப்பிட்டார். "ஆப்ரிகாட்டா? எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

நாங்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆமா, ஆப்ரிகாட்," என்று சொல்லி ஹிஸ்கெ அவருக்கு இன்னொரு துண்டு வைத்தாள். நான் அவள் காதைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை.